தொட்டிக்கு வக்கீல்

சிமெண்டுக் கட்டி விழுந்தபோது சோபாக்காரரின் வாய் நிறைய ஆணி இருந்தது. அதனால்தான் அவர் கத்தவில்லை. ஆணி இல்லாவிட்டால் மட்டும் கத்தியிருப்பாரா என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான். சோபா தைக்கிறவருக்கு ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மறு கை சுத்தியலைப் பிடிக்கும். ஆணியைப் பிடிக்க மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். வருஷக்கணக்கில் ஆணி வைத்து வைத்து, ஆணி இல்லாத நேரத்திலும் அந்த வாய் மூடியே இருக்கப் பழகிவிட்டது.

வாசலில் போட்டிருந்தது பல் டாக்டர் வீட்டு சோபா. கட்டி அதன் நட்ட நடுவில் விழுந்து, துணியைக் கிழித்து, ஸ்பிரிங்கை நசுக்கி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சற்று முன்புதான் அதே இடத்தில் அவருடைய மகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிட்டாள் என்று உள்ளே ஓடினாள். கூப்பிட்டிருக்காவிட்டால்? அதற்கு மேல் நினைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

மேலே தொட்டி நின்றது. நகர மன்றத்துக்குச் சொந்தமான தண்ணீர்த் தொட்டி. குட்டையான நாலு கால், பெருத்த தொப்பை. தொப்பையில் பாதி அவர் வீட்டுக் கூரைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. வீடு முதலா தொட்டி முதலா என்றால் வீடுதான் முதல்; தொட்டி கட்டும்போது "உங்களுக்குத்தான் நல்லது, நிழல் கிடைக்கும்" என்று சொல்லிக் கட்டினார்கள். இப்போது ஒரு காலில் சிமெண்டு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தது. தினமும் காலையில் மோட்டார் ஓடித் தண்ணீர் ஏறும்போது அந்தக் கால் ஒரு முனகல் முனகும். அந்த முனகல் கேட்டதும் சோபாக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். தண்ணீர் நிரம்பி மோட்டார் நிற்கும்வரை மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"வேற எங்கயாவது போயிடலாம்ங்க," என்றாள் மனைவி.

"இந்த வீட்டை யாரு வாங்குவா? பார்க்க வர்றவன் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாப் போதும், வந்த வழியே போயிடுவான்."

அவர்களிடம் இருந்ததெல்லாம் அந்த வீடும் அதன் முன்பாதியில் இருந்த பட்டறையும்தான். அன்றைக்கே மகளின் படுக்கையைத் துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் தள்ளிப் போட்டார். தடித்த பலகை மேசை. மகளுக்கு ஒரே குஷி, கூடாரம் என்றாள்.

"மேசை தாங்குமா?" என்று மனைவி கேட்டாள்.

"தாங்கும்," என்றார். அவர் வாயிலிருந்து பொய் வருவது அபூர்வம் என்பதால் அவள் நம்பிவிட்டாள்.

தெருக்காரர்கள் கட்டியைப் பார்க்க வந்தார்கள். முதலில் எதிர்வீட்டு லாரி டிரைவர். பிறகு தெருக்கோடிக் கணக்கு டீச்சர். தொட்டி விழுந்தால் டிரைவர் வீட்டு வாசல்வரை வரும், டீச்சர் வீட்டுக்குத் தண்ணீர் மட்டும் வரும் என்று டீச்சர் அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னார். மூவருமாக நகர மன்ற அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே மக்கள் பங்கேற்புத் துறை என்று ஒன்று இருந்தது. புதிதாக வெள்ளையடித்த அறை, நல்ல நாற்காலி, மின்விசிறி. அதன் அதிகாரி அவர்களைப் பார்த்ததும் பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்பதுபோல் எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்தத் துறையே. ஆனா ஒண்ணு. தனியா ஒருத்தர் வந்து சொன்னா அது புலம்பல். நாலு பேர் வந்து சொன்னா அது கூச்சல். சங்கமா வந்து சொன்னாத்தான் அது குரல். குரலா வந்தா இந்த நகரத்துல எதை வேணும்னாலும் மாத்தலாம். தொட்டி என்ன, எங்களையே மாத்தலாம். இதுவரைக்கும் யாரும் மாத்தலை, அது வேற விஷயம்."

"சார், கட்டி விழுந்திருக்கு," என்றார் டிரைவர்.

"விழட்டும். முதல்ல சங்கம்."

சங்கம் ஆரம்பித்தார்கள். டீச்சர் தலைவி, டிரைவர் செயலாளர், மற்ற எல்லோரும் உறுப்பினர். ஆரம்பித்ததும் ஓடிப்போய்ச் சொன்னார்கள். சங்கம் இருந்தால் போதாது, சங்கத்துக்குப் பங்கேற்கத் தெரிய வேண்டும் என்று அதிகாரி பயிற்சி வைத்தார். தெருவே வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தது. எப்படி எழுந்து நிற்பது, எப்படி நன்றி சொல்லி ஆரம்பிப்பது, மன்றத் தலைவர் இருமினால் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

"எங்களுக்கு ரொம்பப் பயமா இருக்குங்க," என்று சோபாக்காரரின் மனைவி எழுந்து சொன்னாள்.

பயிற்சி கொடுத்தவர் பதறிப் போனார். "அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்கம்மா. சங்கத்துக்குப் பயம் கிடையாது. பயப்படற சங்கத்தை மன்றம் எப்படி நம்பும்? கவலைன்னு சொல்லுங்க. அதுவும் வெறும் கவலை இல்லை. மிதமான கவலை."

எல்லோரும் சேர்ந்து "எங்களுக்கு மிதமான கவலை இருக்கிறது" என்று சொல்லிப் பழகினார்கள். மறுநாள் காலை மோட்டார் ஓடி, அந்தக் கால் முனகியபோது மனைவி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, எனக்கு மிதமான கவலையா இருக்கு," என்றாள். சிரிக்க நினைத்த இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பயிற்சி முடிந்ததும் மன்றத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். பொறியாளர்கள், அதிகாரி, போட்டோ எடுக்கிறவர், எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி. சாலைக்கு அந்தப் பக்கம், டிரைவர் வீட்டையும் தாண்டி, வண்டியை நிறுத்தி அங்கிருந்தே பார்த்தார்கள். ஒரு பொறியாளர் பைனாகுலரை எடுத்துத் தொட்டியின் காலை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"கிட்ட வந்து பாருங்க சார்," என்று டீச்சர் கூப்பிட்டார்.

"வரக்கூடாதும்மா. ஊழியர் பாதுகாப்பு விதி. ஊழியர்களோட உயிரை மன்றம் ரொம்ப மதிக்குது," என்று அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார். "நீங்க எல்லாரும் உட்காருங்க. உங்களுக்கு நிழல்ல நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

நாற்காலிகள் தொட்டிக்கு அடியில்தான் போடப்பட்டிருந்தன. தெருவே அதில் உட்கார்ந்து, மேலே பார்க்காமல், பயிற்சியில் சொன்னபடி புன்னகையோடு போட்டோவுக்கு முகம் காட்டியது. சோபாக்காரர் மகளை மடியில் வைத்து அவள் தலைமேல் தன் இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்துக்கொண்டார். கை என்ன, மேசை என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

பார்வையிட்ட பிறகாவது தொட்டியை எடுப்பார்கள் என்றால், அதிகாரி அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எல்லாம் பிரமாதம். உங்க எதிர்க்குரல் யாரு?"

"எதுக்குங்க எதிர்க்குரல்? எல்லாருக்கும் தொட்டி வேண்டாம். யாரும் எதிர்க்கலை," என்றார் டீச்சர்.

"அதுதாங்க குறை. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா அது விவாதமே இல்லை. விவாதம் இல்லாம முடிவெடுத்தா அது சர்வாதிகாரம். தொட்டி இருக்கட்டும்னு சொல்ல உங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க. அவர் என்ன சொன்னாலும் அதை எதிர்ப்புன்னு பதிவு பண்ணிக்குவோம். பயிற்சியிலேயே சொன்னோமே, தொட்டிக்கு எவ்வளவு பக்கத்துல வீடோ, அவ்வளவு எடை அவங்க பேச்சுக்கு. நியாயம்தானே?"

அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டில் கூட்டம். யாரை அனுப்புவது? டிரைவர் தொண்டையைத் திறந்தால் லாரி ஹாரன் தோற்கும். அவர் ஒப்புக்குப் பேசினாலும் ஜெயித்துத் தொலைப்பார். மற்றவர்கள் வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோர் கண்ணும் மெதுவாக மூலையில் உட்கார்ந்திருந்த சோபாக்காரர் பக்கம் திரும்பியது. அவர் அவசர வேலை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, ஒரு ஸ்டூலுக்கு மெத்தை அடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணி.

"இவர் போகட்டும்," என்றார் டீச்சர். "இவர்தான் பேசவே மாட்டாரே."

"டீச்சர், இவர் வீடுதான் தொட்டிக்கு அடியிலயே இருக்கு. எடை பத்து மடங்கு," என்றார் டிரைவர்.

"பத்து என்ன, நூறு மடங்கா இருக்கட்டும். பேசாம நின்னா பூஜ்யம். பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான்."

கணக்கு டீச்சரே சொல்லும்போது கணக்கில் யார் குறுக்கே பேசுவது? கூட்டம் கைதட்டியது. சோபாக்காரர் அவசரமாக ஆணிகளை எடுத்து "நான் வேண்டாங்க" என்று சொல்வதற்குள் எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஊதத் தெரியாதவன் கையில் சங்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள்.

மனைவி கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நம்ம தலையில விழப்போற தொட்டிக்கு நீங்களா வக்கீலு?"

"பேசக் கூடாது. அவ்வளவுதான். நின்னுட்டு வந்துடணும்."

"நிக்கிறது உங்களுக்கு வரும். போயிட்டு வாங்க."

மன்றக் கூடம் பெரியது. குரல் எதிரொலிக்கக் கூடாது என்று சுவரெல்லாம் தடித்த துணி ஒட்டியிருந்தார்கள். சோபாக்காரரின் கண்ணுக்கு அந்தத் தையல் சரியில்லை என்று பட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதால் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. டீச்சர் நன்றி சொல்லி ஆரம்பித்து, மிதமான கவலையைத் தெரிவித்து, தலைவர் இருமியபோது நிறுத்தி, திருத்தமாகப் பேசினார். டிரைவர் பயிற்சியெல்லாம் மறந்து, "சாவு விழுந்தாத்தான் பார்ப்பீங்களா?" என்று கத்தினார். அவர் பேச்சின் எடையில் பாதியைக் கழித்துவிட்டு அவரை வெளியே உட்கார வைத்தார்கள்.

பிறகு எதிர்க்குரலைக் கூப்பிட்டார்கள். சோபாக்காரர் சட்டைப் பையிலிருந்து நாலு ஆணியை எடுத்து, யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு போய் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கூடத்தில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் மனசுக்குள் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தார்.

மன்றத் தலைவர் நல்ல மனிதர். அதுதான் வினை. அவர் முன்னால் சாய்ந்து சோபாக்காரரைப் பார்த்தார்.

"என் முன்னாடி வர்றவங்க எல்லாரும் ஏதாவது வேணும்னுதான் வர்றாங்க. ரோடு வேணும், விளக்கு வேணும், சாக்கடை அடைச்சிருக்கு, வா. ஒண்ணுமே வேணாம்னு அமைதியா நிக்கிற மனுஷனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். குடிமக்கள் எல்லாரும் இப்படி இருந்தா இந்த மன்றம் எவ்வளவோ சாதிக்கும். பயப்படாதீங்க. வீட்டுல யார் யார் இருக்காங்க?"

அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கட்டி விழுந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சோபாக்காரர் வாயைத் திறந்தார். ஆணிகளைக் கையில் துப்பினார்.

"பொண்டாட்டி இருக்கா. ஒரு பொண்ணு. ஏழு வயசு. மேசைக்கு அடியில தூங்குறா. கூடாரம்னு நினைச்சுக்கிட்டிருக்கா. மேசை தாங்காதுங்க. தாங்கும்னு சொல்லி வச்சிருக்கேன். தினமும் காலையில மோட்டார் போடறப்போ இன்னைக்குத்தான் இன்னைக்குத்தான்னு நின்னு நின்னு, என் உசுரு பாதி போயிடுச்சு. எனக்குப் பயமா இருக்குங்க ஐயா. தொட்டியை எடுத்துடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

கூடத்தில் இரண்டு பேர் அழுதார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எதிர்ப்புன்னே பதிவு பண்ணட்டுங்களா?" என்று குமாஸ்தா கேட்டார். "தொட்டியை எடுக்கச் சொல்றாருங்களே."

"என்ன சொல்றார்ங்கிறது முக்கியமில்லை. யாரா நின்னு சொல்றார்ங்கிறதுதான் முக்கியம். எதிர்க்குரல் பேசினா அது எதிர்ப்பு. மன்றம் மனுஷங்களைக் கேட்கிறதில்லை, பொறுப்புகளைத்தான் கேட்குது," என்று தலைவர் தழுதழுத்த குரலில் சொன்னார். "இவ்வளவு உருக்கமான எதிர்ப்பை நான் கேட்டதே இல்லை. அதுவும் தொட்டிக்கு அடியிலயே குடியிருக்கிறவர் வாயால."

பத்து மடங்கு எடை. டீச்சரின் பேச்சும் டிரைவரின் மிச்சமும் சேர்ந்தும் பக்கத்தில் வர முடியவில்லை. மக்களின் குரலுக்கு மதிப்பளித்துத் தொட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கும் என்று அறிவித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது வாயைத் திறந்தது அதன் இஷ்டம்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. மனைவி வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை.

"அங்க என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் ஒரு இடத்தில் அவர் கையைப் பிடித்தாள்.

"மேசை தாங்காதா?"

அவர் உள்ளே இருந்த மேசையைப் பார்த்தார்.

"தாங்கும்னு சொன்னீங்களே." அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அந்த வீட்டில் ஒருத்தியாவது நிம்மதியாகத் தூங்கினாள். அன்றோடு அதுவும் போயிற்று.

தெரு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. பார்த்தால் பார்க்காததுபோல் போனார்கள். டிரைவர் மட்டும் வாசலில் நின்று, "நல்லா வாதாடினீங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவர் நாலு வார்த்தை கெட்டதாகவே திட்டியிருக்கலாம். தொட்டியின் முனகல் இப்போது மோட்டார் நின்ற பிறகும் கேட்டது.

சில நாள் கழித்து அதிகாரி சிரித்த முகத்தோடு வந்தார், சாலைக்கு அந்தப் பக்கம்வரை. மேல்முறையீடு செய்யலாம், அது தெருவின் உரிமை என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

"அதே எதிர்க்குரல்தான் வரணும். ஜெயிச்சவரை மாத்தினா அவருக்கு அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடும்."

மறுபடியும் கூட்டம். இந்த முறை எல்லோரும் சோபாக்காரரைச் சுற்றி உட்கார்ந்தார்கள், நோயாளியைச் சுற்றி உட்காருவதுபோல். பேசாமல் நின்றால் எதிர்ப்பில்லை, எதிர்ப்பில்லாவிட்டால் தொட்டி போய்விடும் என்று டீச்சர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"தலைவர் திரும்பவும் பொண்ணைப் பத்திக் கேட்டா?" என்றார் சோபாக்காரர்.

"அண்ணே, உங்ககிட்ட வளைஞ்ச ஊசி ஒண்ணு இருக்குல்ல, சோபா முதுகு தைக்கிறது," என்று டிரைவர் மெதுவாக ஆரம்பித்தார். டீச்சர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். ஆனால் சோபாக்காரர் வீட்டுக்குப் போய் அந்த ஊசியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார் என்பதும் உண்மை.

மேல்முறையீட்டு நாள் காலையில் மகள் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "அப்பா, பலகையில மண்ணு கொட்டுது," என்றாள். கூரையிலிருந்து சிமெண்டுத் தூள் மேசைமேல் மாவு சலித்ததுபோல் விழுந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு மன்றத்துக்குப் போனார். வாய் கொள்ளும் மட்டும் ஆணி.

டீச்சர் பேசி முடித்தார். எதிர்க்குரலைக் கூப்பிட்டார்கள். தலைவர் அவரைப் பார்த்ததும் பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல் மலர்ந்தார்.

"வாங்க, வாங்க. பொண்ணு எப்படி இருக்கா? இன்னும் மேசைக்கு அடியிலதான் தூங்குறாளா?"

பெற்ற பிள்ளையைப் பற்றி ஒருவர் அன்பாகக் கேட்கிறார். பதில் சொன்னால் பிள்ளை போச்சு. சோபாக்காரர் உதட்டை இறுக்கினார். ஆணி முனை நாக்கில் ஏறியது. வாயில் உப்புக் கரித்தது. காலையில் விழுந்த தூள் கண்முன் வந்தது. சொல், சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லாதே, சொல்லாதே என்று ஆணி குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. அதையும் பதிவு செய்துவிடுவார்களோ என்று பயம்.

"போன தடவை எவ்வளவு அழகா எதிர்த்தீங்க," என்றார் தலைவர் ஏமாற்றத்தோடு. "உங்களுக்கு அக்கறை குறைஞ்சு போச்சு. பொண்ணைப் பத்திக் கேட்டாக்கூட வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க. இப்படிப்பட்ட ஆளையா நாங்க மதிச்சோம்?"

எதிர்ப்பு இல்லை என்று பதிவானது. தொட்டியை அகற்ற மன்றம் வருத்தத்தோடு இசைந்தது. வெளியே வந்து ஆணிகளைத் துப்பியபோது எல்லாம் சிவப்பாக இருந்தது. டிரைவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பி அழுதார். டீச்சர் முதல்முறையாக அவரைத் "தம்பி" என்று கூப்பிட்டார்.

அகற்றும் நாள் வந்தது. தோரணம் கட்டினார்கள், ஒலிபெருக்கி வைத்தார்கள். தலைவரும் அதிகாரியும் மஞ்சள் தொப்பிகளோடு சாலைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். இந்தப் பக்கம் தொட்டிக்கு அடியில் ஒரு மர ஏணியும், ரிப்பன் கட்டிய ஒரு பெரிய சுத்தியலும் இருந்தன.

"ஆளுங்க எங்க சார்?" என்றார் டிரைவர்.

"நீங்கதான். மக்கள் குரலால எடுத்த முடிவு மக்கள் கையாலதான் நிறைவேறணும். முதல் அடி தொட்டிக்கு ரொம்பப் பக்கத்து வீட்டுக்காரரோடது. இன்னைக்குள்ள அடிக்கலைன்னா மக்கள் மனசு மாறிட்டாங்கன்னு அர்த்தம். தொட்டி இருந்துடும்."

"உங்ககிட்ட வேலையாட்களே இல்லையா?"

"நிறைய இருக்காங்க. அவங்களுக்கு அந்தத் தொட்டிகிட்ட போகப் பயம்."

"அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னீங்களே," என்றார் டீச்சர்.

"ஊழியர்கள் பயப்படலாம்மா. அவங்க சங்கம் இல்லையே."

சோபாக்காரர் அண்ணாந்து பார்த்தார். தொப்பைக்கு அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. "தண்ணியை இறக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அவராக வாயைத் திறந்து கேட்டதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"அது குடிநீர்த் துறை. வழக்கம்போலக் காலையில நிரப்பிட்டாங்க. நிரப்ப வேண்டாம்னா அதுக்குத் தனியா ஒரு குரல் வேணும்."

டிரைவர்தான் மெல்ல வந்து காதருகே சொன்னார். "அண்ணே, அடியில ஒரு வால்வு இருக்கு. துருப்பிடிச்சுக் கிடக்கு. ரெண்டு போடு போட்டு அதைத் திறந்துட்டாத் தண்ணி போயிடும். அப்புறம் நான் லாரில கயிறு கட்டித் தெருமுனையில இருந்தே சாய்ச்சுடுவேன். ஆனா அந்த ரெண்டு போடு…" அவர் அண்ணாந்து தொட்டியின் காலைப் பார்த்தார்.

சோபாக்காரர் மகளை டீச்சரிடம் கொடுத்துத் தெருக்கோடிக்கு அனுப்பினார். அவள் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஏணியைத் தூணில் சாய்த்து வைத்து, சுத்தியலில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து எறிந்துவிட்டு ஏறினார். உச்சியில் நின்று பார்த்தால் விரிசல் கை நுழையும் அளவுக்கு இருந்தது. கீழேயிருந்து பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை. தலைக்கு மேல் ஒரு தெருவின் தண்ணீர் முழுக்கக் குளிர்ச்சியாக நின்றது.

"அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை," என்று ஒலிபெருக்கியில் கேட்டார் அதிகாரி. "பதிவுக்காக."

சோபாக்காரர் எட்டு ஊருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க."

நகர மன்றத்தின் வரலாற்றில் ஒரு குடிமகன் சொன்னதை உடனடியாக, விவாதம் இல்லாமல், எதிர்க்குரல் இல்லாமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். தலைவர் ஓடினார். அதிகாரி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு ஓடினார். பொறியாளர்கள் அவர்களுக்கும் முன்னால் ஓடினார்கள். தெரு துடைத்துவிட்டதுபோல் ஆனது. சோபாக்காரர் வால்வுக்கு நேராகச் சுத்தியலை ஓங்கினார். ஏணி ஆடும் என்று நினைத்தார், அது ஆடவில்லை. குனிந்து பார்த்தார். மனைவி ஏணியின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"நீயும் போ," என்றார்.

"நானும் போயிட்டா ஏணியை யாரு பிடிக்கிறது?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அடிங்க."